களியில் ஒரு கை அரிசி

சங்கராந்திக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் பீரப்பாவின் வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். சொன்னபோது அவள் பீரப்பாவைப் பார்க்கவில்லை, அவர் மனைவி சுங்கம்மாவைப் பார்த்துச் சொன்னாள். வியாதி ஆம்பிளையுடையதாக இருந்தாலும் அடுப்படியில் நிற்பவள்தான் பதில் சொல்லியாக வேண்டும் என்பது எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் எழுதாத சட்டம்.

அவர்கள் ஊர் பேலகுண்டாவைச் சுற்றியுள்ள கரடுகளில் பீரப்பாவின் கால் படாத கல் கிடையாது. ஆடு மேய்க்கிறவனுக்குக் கால் போனால் மீதி உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆஸ்பத்திரி வாசலில் அவரும் அதைத்தான் கேட்டார், யார் முகத்தையும் பார்க்காமல். கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. புண் நாற்றமடித்த பிறகு சுங்கம்மாதான் கண்டுபிடித்தாள். சர்க்கரை காலின் உணர்ச்சியைத் தின்றிருந்தது, கண் பார்வையிலும் பாதியைத் தின்றிருந்தது. தட்டில் துவையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் தொட்டுத்தான் கண்டுகொள்வார். ஆடுகளை மட்டும் இருமலை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

டாக்டரம்மா ஹைமாவதி கோதாவரிக் கரைக்காரி. மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவள். கேழ்வரகை அவள் அறிந்ததெல்லாம் பாலில் கலக்கும் மாவாகத்தான். ஆனாலும் நல்லவள், எரிந்து விழமாட்டாள். ஒவ்வொரு தடவையும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பாள். களி என்பாள் சுங்கம்மா. சோறு உண்டா என்பாள். தொடுவதே இல்லை என்பாள் சுங்கம்மா. இரண்டும் சத்தியம். டாக்டரம்மாவுக்கு முகம் மலரும். கேழ்வரகைத் தோலோடு அரைப்பதால் அதில் நார் அதிகம், வயிற்றில் மெதுவாகக் கரையும், சர்க்கரை ஒரேயடியாக ரத்தத்தில் போய் விழாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், பசியும் தாங்கும், சர்க்கரைக்காரருக்கு இதைவிட நல்லது கிடையாது என்று பாடம் சொல்வாள். அப்புறம் ரத்தம் சோதித்த காகிதம் வரும். அதைப் பார்த்ததும் மலர்ந்த முகம் சுருங்கிவிடும். ஊசி மருந்தின் அளவை இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பாள். ஒரு வருஷமாக இதே கதைதான்.

மனிதர் திருட்டுத்தனமாக ஏதோ தின்கிறார் என்று இரண்டு பெண்களும் முடிவு கட்டினார்கள். சுங்கம்மா அவர் சட்டைப் பையில் வெல்லம் தேடினாள். ஆட்டுப் பட்டியின் கூரையில் செருகியிருந்த துணி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாள், வெறும் புகையிலை. பீரலிங்கசாமி மேல் சத்தியம் செய்தும் பீரப்பாவை யாரும் நம்பவில்லை. பாவம், வாழ்நாளில் ஒரு தடவை அந்த மனுஷன் குற்றமில்லாமல் இருந்தார், அதற்கு இந்தக் கதி.

பேலகுண்டாவில் களி என்றால் முதலில் உலையில் அரிசி நொய்யைப் போட்டுக் குழைய விட வேண்டும். அதன் மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் நடுவில் குழி பறித்து, மூடி வைத்து, வெந்த பிறகு கை வலிக்கக் கிண்டி உருட்ட வேண்டும். அந்த நொய்யை அங்கே யாரும் அரிசிக் கணக்கில் சேர்ப்பதில்லை. களிக்குப் போடும் உப்பை உப்பு தின்றேன் என்று யாராவது சொல்வார்களா? முன்பெல்லாம் அது ஒரு கைப்பிடிதான். ரேஷன் அரிசி மலிந்த பிறகு பாதிக்குப் பாதி ஆகிவிட்டது, அதையும் யாரும் கவனிக்கவில்லை. அரிசி விழாத களி என்பது பஞ்சத்துச் சாப்பாடு. பெண் கேட்டு வந்தால், ஆடு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், களியில் அரிசி விழுமா என்று கேட்ட ஊர் அது.

பீரப்பா வீட்டிலோ அதற்கும் மேலே ஒரு காரணம் இருந்தது. மழை பொய்த்த வருஷம் ஒன்றில் அவர் மந்தையை ஓட்டிக்கொண்டு துங்கபத்திரா கால்வாய்ப் பக்கம் போனார். அங்கே எருவுக்காக வயலில் ஆட்டை ராத்திரி கிடை போட்டால் வயல்காரர்கள் சோறு போடுவார்கள், கூலியாக அரிசியும் கொடுப்பார்கள். வீட்டில் சுங்கம்மாவும் மூன்று வயது மகள் எல்லியும் இருந்தார்கள். வீட்டில் இருந்தது கேழ்வரகு மாவு மட்டும். அரிசி போடம்மா, அரிசி போடம்மா என்று குழந்தை தட்டைத் தள்ளும். சுங்கம்மா அதட்டி ஊட்டுவாள். அந்தச் சமயத்தில் ஊரில் அம்மை வந்து எல்லிக்கும் வார்த்தது. பீரப்பா அரிசி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தபோது குழந்தையைப் புதைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவர் அழவில்லை. மூட்டையை அவிழ்த்து, கொதிக்கிற உலையில் தன் கையாலேயே ஒரு கை அரிசியைப் போட்டார். இனிமேல் இந்த வீட்டில் அரிசி போடாமல் களி கிண்டக் கூடாது என்றார். அதோடு சரி. எல்லியின் பெயரை அவர் அப்புறம் வாயால் சொன்னதே இல்லை. பின்னால் ஒரு மகன் பிறந்து, வளர்ந்து, இப்போது பெங்களூரில் லாரி ஓட்டுகிறான். தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதையே அவன் அடுத்த வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

சங்கராந்திக் கெடு விதித்த அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மருந்துக்காகக் காத்திருந்தபோதுதான் சுங்கம்மாவின் தலையில் இடி விழுந்தது. பக்கத்தில் பாவகடா ஊர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், பெயர் ஈரக்கா. அவள் புருஷனுக்கும் சர்க்கரை, அவனுக்கும் காலில் புண் வந்து ஆறிவிட்டதாம். பீரப்பா உள்ளே கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். பசி நேரம், இரண்டு பேரும் தூக்குச் சட்டியைத் திறந்தார்கள். ஈரக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, களிக்குள்ள சோறா?"

"சோறு எங்க இருக்கு? களிதான்."

"வெள்ளையா தெரியுதே."

"அது நொய். நொய் போடாம களி எப்படி வரும்?"

"எங்க ஊர்ல வருதே," என்று ஈரக்கா தன் தூக்கைக் காட்டினாள். கறுகறுவென்று, வழுவழுவென்று, ஒரு பொட்டு வெள்ளை இல்லாத உருண்டை. "சோறு திங்காதன்னு டாக்டர் சொன்னா, நீங்க சோத்துக்குக் கறுப்புச் சட்டை மாட்டி உள்ள அனுப்பிட்டிருக்கீங்க. சட்டைய கழட்டுனா சர்க்கரை தானே?"

ஈரக்கா சிரித்தாள், சுங்கம்மாவும் கூடச் சிரித்து வைத்தாள். கையிலிருந்த உருண்டையைப் பிட்டுப் பார்த்தாள். பாதி அரிசி. காலையில் பாதி, மத்தியானம் பாதி, ராத்திரி பாதி. வருஷம் முழுக்கத் தன் கையாலேயே அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு, அவர் சட்டைப் பையில் வெல்லம் தேடியிருக்கிறாள்.

டாக்டரம்மாவிடம் அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வருஷமாகச் சோறே தொடுவதில்லை என்று அடித்துச் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? தவிர, டாக்டரம்மா பீரப்பாவைக் கூப்பிட்டுச் சொல்வாள், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் முதலில் நேராகவே கேட்டுப் பார்த்தாள்.

"மாமா, நாளையிலருந்து அரிசி போடாம கிண்டட்டுமா? அந்த அரிசிதான் உன் காலைத் திங்குதாம்."

பீரப்பா அவளுக்குத் தாய்மாமன். சின்ன வயதிலிருந்து அவள் முகத்தைப் பார்த்து வளர்த்தவர், அவளிடம் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. பாதி உருண்டை தட்டில் இருக்கும்போதே கையைக் கழுவினார்.

"காலை வேணா எடுத்துக்கட்டும்," என்றார்.

அன்று ராத்திரி சாப்பிடவும் வரவில்லை. நேர் வழி அடைபட்டுப் போனது. அடைபட்டால் சுற்றிப் போவது அடுப்படிக்காரிக்குத் தெரியாத வித்தை இல்லை.

ஈரக்கா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். நாக்குக்குப் பருக்கை தட்டுப்படாவிட்டால் சில பேருக்குத் தொண்டையில் இறங்காது, அப்படியென்றால் தினையை உடைத்துப் போடு, ஆனால் மில்லில் தீட்டி வெள்ளையாக்கினதை வாங்கிவிடாதே, தவிட்டோடு இருக்க வேண்டும், தவிட்டைத் தீட்டிவிட்டால் அதுவும் அரிசிக்குத் தங்கச்சிதான் என்று. ஆட்டோ ஓட்டும் எர்ரிசாமியின் வீட்டில் தினை இருந்தது. சுங்கம்மா போய்க் கேட்டதும் அவனுக்கு வாய் அரிக்க ஆரம்பித்தது.

"என்ன அத்தை, கிளி வளக்கிறியா?"

"ஆமாடா, வீட்ல ஒரு கிழட்டுக் கிளி இருக்கு. ஒழுங்கா அளந்து போடு."

தினையைக் குத்தி, உமியை ஊதி, கல்லில் இரண்டிரண்டாக உடைத்தாள். நொய்க்குப் பதிலாக அதை உலையில் போட்டுக் குழையவிட்டாள். மாவைக் கொட்டினாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் அரிசி இல்லாத களி கிண்டப்படுகிறது. எல்லி, உன் அப்பனுக்குக் கால் வேணும்டி, நீ கோவிச்சுக்காதே என்று அடுப்பைப் பார்த்து முணுமுணுத்தாள். சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் ஒரு பக்கம் குறைந்தது, இன்னொரு பக்கம் கூடியது.

பீரப்பா விரலை விட்டுப் பார்த்தார். பருக்கை தட்டுப்பட்டது. ஒரு வாய் போட்டவர் நிறுத்திவிட்டு, அரிசி பழசா என்று கேட்டார். ரேஷன் அரிசி, அவன் எதைக் கொடுக்கிறானோ அதுதான் என்றாள் சுங்கம்மா. அரசாங்கத்தின் மேல் பழி போட்டால் எங்கள் பக்கத்தில் நம்பாதவர் கிடையாது. மனிதர் இரண்டு வசவு உதிர்த்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

அப்புறம் நடந்ததைச் சுங்கம்மா வெளியில் யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தாள். ராத்திரிக்கு ராத்திரி மூத்திரத்துக்கு எழுந்து எழுந்து போனவர் விடியும்வரை தூங்கினார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் கேட்டது நின்றது. பசி நன்றாகத் தாங்குகிறது என்று தானாகவே சொன்னார். கட்டு மாற்றும்போது புண்ணில் நாற்றம் குறைந்திருந்தது, ஓரத்தில் ரோஜா நிறத்தில் சதை தெரிந்தது. அதைப் பார்த்த அன்று அவள் ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். சந்தோஷமா, பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நடுவில் சில நாள் மத்தியானத்துக்கு முன்பாக அவருக்கு வேர்த்தது. கை நடுங்கி, தம்ளரைத் தவறவிட்டார். வயசாகிறது என்றார் அவர். அரிசி போனதால் தெம்பு போயிற்றோ என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. ஊசியை மட்டும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த அளவில், ஒரு சொட்டுக் குறையாமல், தினமும் அவளே போட்டுவிட்டாள்.

மார்கழியில் பனி கொட்டிய ஒரு காலை. ஊசி போட்டு, களி தின்று, கோலை ஊன்றிக்கொண்டு, பிறந்த குட்டியைப் பார்த்து வருகிறேன் என்று பீரப்பா பட்டிக்குப் போனார். வெகு நேரமாகியும் ஆளைக் காணோம். சுங்கம்மா போய்ப் பார்த்தபோது வேலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் எங்கேயோ பார்த்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எல்லி சாப்டாளா?" என்று கேட்டார் பீரப்பா.

இத்தனை வருஷமாக அந்த வாயில் வராத பெயர். குழந்தை வந்துவிட்டாள், தன் பங்கு அரிசி எங்கே என்று கேட்டு அப்பனைக் கூட்டிப்போக வந்துவிட்டாள் என்றுதான் சுங்கம்மாவுக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் எர்ரிசாமி ஆட்டோவைக் கொண்டுவந்தான். இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே போட்டார்கள். ஊர் எல்லையைத் தாண்டியதும், வண்டியில் வைத்திருந்த கலர் சோடா புட்டியை எடுத்து, வாயில் கொஞ்சம் ஊற்று அத்தை, வாய் காய்ந்து கிடக்கிறது என்று நீட்டினான். சுங்கம்மா அதைத் தட்டிவிட்டாள். சர்க்கரை வியாதிக்காரனுக்கு இனிப்பைக் கொடுத்துக் கொல்லப் பார்க்கிறாயா என்று அவனைத் திட்டினாள். புட்டி உருண்டு கீழே போய்ச் சிந்தியது. பாதி வழியில் பீரப்பா முனகுவதையும் நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தாள், ஓடினாள். நரம்பில் ஏதோ மருந்தை ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்திலேயே பீரப்பா கண்ணைத் திறந்து, பட்டியைச் சாத்தினியா என்று கேட்டார்.

"சர்க்கரை ரொம்ப இறங்கிப் போச்சும்மா," என்றாள் டாக்டரம்மா. "நல்ல வேளை, உயிர் தப்பிச்சாரு."

"இறங்கணும்னுதானம்மா சொன்னீங்க?"

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினாள். நரம்பில் ஏற்றியதும் சர்க்கரைத் தண்ணீர்தான் என்றும், இந்த மாதிரி வேர்த்து நடுங்கும்போது, விழுங்கும் நினைவு இருக்கிறவரை ஒரு கை சர்க்கரையை வாயில் போட்டால் போதும் என்றும் சொன்னாள். வழியில் சிந்திய சோடா சுங்கம்மாவின் நெஞ்சில் வந்து நின்றது. சரியாகச் சாப்பிட்டாரா, ஊசி இரண்டு தடவை போட்டுவிட்டீர்களா என்று டாக்டரம்மா துருவினாள். சாப்பிட்டேன், வழக்கமாகத் தின்கிற களிதான் என்றார் பீரப்பா. ஊசி ஒரு தடவைதான் என்றாள் சுங்கம்மா. டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். இந்த உடம்புக்குக் களி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது, களியை நிறுத்திவிடலாம், அளவாகச் சோறே கொடுங்கள், ஊசி இப்படியே இருக்கட்டும் என்று எழுதப் போனாள்.

சுங்கம்மா அந்தப் பேனாவையே பார்த்தாள். அந்தக் காகிதத்தில் டாக்டரம்மா எழுதி முடித்தால் மறுபடியும் சோறு, மறுபடியும் நாற்றம், சங்கராந்திக்குக் கால் போய்விடும். வாயைத் திறந்தால் பீரப்பா முகத்தில் இனி முழிக்க முடியாது. அவர் கட்டிலிலேயே கண் விழித்துப் படுத்திருந்தார், காதில் விழாமல் சொல்ல வழியில்லை.

"எழுதாதீங்கம்மா," என்றாள். "தப்பு களி மேல இல்ல. நான் அரிசிய எடுத்துட்டேன்."

ஒன்று விடாமல் சொன்னாள். களியில் பாதி அரிசி போட்டுக் கிண்டியது, ஈரக்கா சொன்னது, தினையை உடைத்து நொய் என்று ஏமாற்றியது எல்லாம். பீரப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ ஒரு வருஷமா நான் அந்தச் சோத்துக்குத்தான் ஊசிய ஏத்திக்கிட்டே வந்திருக்கேன். இப்போ சோறு போயிடுச்சு, ஊசி மட்டும் அங்கயே நிக்குது. சாப்பாட்ட மாத்துனா என்கிட்ட சொல்லணும்மா, மருந்தைக் குறைக்கணும், இல்லன்னா இப்படித்தான் ஆளைச் சாய்ச்சிரும்." முக்காலியை இன்னும் நெருக்கிப் போட்டாள். "களிக்குள்ள என்ன போடுறீங்கன்னு நானும் ஒரு நாள் கேட்டிருக்கலாம்."

காலின் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். சுண்டுவிரல் கருத்திருந்தது, அதைக் காப்பாற்ற முடியாது. புண் சுருங்கியிருந்தது, சதை உயிரோடு இருந்தது. விரல் போகும், கால் நிற்கும் என்றாள். ஊசியைப் பாதிக்கும் கீழே குறைத்து எழுதினாள், சில நாள் இங்கேயே வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். எர்ரிசாமி டீ குடிக்கப் போயிருந்தான். அறையில் இரண்டு பேர்தான்.

பீரப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மாமா என்றாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். காது கேட்காதவர் மாதிரி கிடந்தார். கும்பிட்டுக் கேட்டுக்கொள்ளத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு. அது அவள் வயிற்றில் எத்தனையோ வருஷமாகக் கிடந்தது.

"அரிசி இல்லாததால அவ சாகல மாமா. அம்மையில செத்தா. ஊர்ல அரிசி தின்ன வீட்டுப் பிள்ளைங்களுந்தான் செத்துச்சு. நீ ஒரு வார்த்த என்னைத் திட்டல. திட்டியிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். தினம் உலையில அரிசி போடச் சொன்ன. நான் போடுற ஒவ்வொரு கையும், நீதான்டி வெறுங்களிய அதட்டி ஊட்டுனவன்னு எனக்குச் சொல்லுச்சு. இத்தன வருஷமா மூணு வேளையும் கேட்டுட்டிருக்கேன். அவ என் வயித்துலயும்தான இருந்தா?"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கட்டில் காலில் தலையைச் சாய்த்தாள். வெளியே தாழ்வாரத்தில் தட்டுகள் சத்தமிட்டன. ஆஸ்பத்திரிச் சாப்பாடு வந்தது. ஆயா ஒருத்தி தட்டு நிறைய வெள்ளைச் சோறும் சாம்பாருமாக ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள். சர்க்கரைக்காரர் வார்டுக்கும் அதே சோறுதான், அதைப் பற்றிப் பேசினால் இந்தக் கதை முடியாது.

பீரப்பா மெதுவாகத் திரும்பினார். தட்டு இருக்கும் இடத்தைக் கையால் தடவி, ஒரு பருக்கையை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"கால்வாய்ப் பக்கம் அந்த வருஷம் எனக்கு ரெண்டு வேளையும் நெல்லுச் சோறு," என்றார். "நீங்க ரெண்டு பேரும் வெறுங்களி தின்னுட்டிருந்தப்போ நான் வயிறு முட்டத் தின்னேன். அத என்னால செமக்க முடியல. அதான் உன் தலையில வெச்சுட்டேன்."

சுங்கம்மா தலையைத் தூக்கினாள்.

"எல்லிக்குன்னு சொல்லிப் போட்ட அரிசி," என்று அவர் தொடர்ந்தார். "அவளா வந்து தின்னா? அப்பவும் நான்தான் தின்னேன், இத்தன வருஷமும் நான்தான் தின்னேன்."

பருக்கையைத் தட்டிலேயே போட்டுவிட்டு, தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"இத எடுத்துட்டுப் போகச் சொல்லு புள்ள. எர்ரிசாமி ஆட்டோவுல நம்ம வீட்டுக்குப் போய் களி கிண்டி எடுத்துட்டு வா. தினையும் வேணாம், ஒண்ணும் போடாத. அவ தின்ன மாதிரி ஒரு வாட்டியாவது நான் தின்னு பாக்கறேன்."

சுங்கம்மா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டைத் தாழ்வாரத்துக்கு எடுத்துப் போய் ஆயாவிடம் கொடுத்தாள்.